தொடுப்பும் சான்றும்: இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் மேற்கோள் வடிவம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பெற்றது. 2017 மே மாதத்தில் அதன் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. அதற்கு அடித்தளமிட்ட இ. மயூரநாதனுக்குக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட ஓர் இலக்கிய அமைப்பு, தன் வாழ்நாள் சாதனை விருதைக் கலைக்களஞ்சியப் பணிக்கு அளித்தமை, அப்பணியைத் தமிழுலகம் எவ்வளவு மதித்தது என்பதைக் காட்டும்.

இக்கலைக்களஞ்சியத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று கட்டுரைகளின் எண்ணிக்கை. மற்றொன்று கலைச்சொற்களும் மொழிநடையும். கட்டுரையின் அடியில் சிற்றெழுத்தில் அமைந்திருக்கும் ‘மேற்கோள்கள்’, ‘வெளி இணைப்புகள்’ என்னும் பகுதிகளை ஆராய்ந்தோர் குறைவு. அவை தொழில்நுட்ப ஒழுங்கு சார்ந்தவை, பதிப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையானது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொடுப்பு என்பது சான்று அன்று. சான்றை அடைவதற்கான வழி மட்டுமே. வழி அடைபட்ட பின்னும் சான்று நிற்குமாறு எழுதப்படுவதே மேற்கோள். இவ்வேறுபாடு பேணப்படாத இடத்தில் கட்டுரை நம்பகத்தன்மையை இழக்கிறது. அதனினும் மேலாக, தமிழர் வரலாற்றின் ஒரு பகுதி எழுதப்படாமலே போகிறது.

1. ஆசிரியர் பெயரின் இடத்தில் சான்று

மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902-இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. தி. சு. அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. இம்மூன்றிலும் செய்திக்குப் பொறுப்பேற்றது ஒரு பெயர்: முதலிரண்டில் தொகுத்த ஆசிரியரின் பெயர்; மூன்றாவதில் துறை வல்லுநர்களின், பதிப்புக் குழுவின் பெயர். படிப்பவர் அப்பெயரை நம்பிச் செய்தியை ஏற்றார்.

விக்கிப்பீடியாவில் இந்நிலை தலைகீழாகிறது. கட்டுரைக்குக் கையொப்பமிடும் ஆசிரியர் இல்லை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விதியே அதன் உயிர். ஆகவே எழுதுபவரின் தகுதி சான்றாக நிற்க இயலாது. ஒவ்வொரு செய்தியும், படிப்பவர் தாமே சென்று சரிபார்க்கத்தக்க வெளிமூலம் ஒன்றைச் சுட்ட வேண்டும். முன்னைக் கலைக்களஞ்சியங்களில் ஆசிரியர் பெயர் சுமந்த பாரம் முழுவதையும் இங்கே மேற்கோள் சுமக்கிறது. அந்த மேற்கோள் முறிந்தால் கட்டுரையைத் தாங்க வேறொன்றும் இல்லை. மேற்கோளின் வடிவத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதற்கு இதுவே காரணம்.

2. உரை மரபு தரும் படிப்பினை

முறிந்த மேற்கோள் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் ‘என்றார் பிறரும்’ என்னும் குறிப்போடு வரும் எண்ணற்ற மேற்கோள்களின் மூலம் தெரியாமல் இடர்ப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் விரிவாகப் பதிந்துள்ளார். அப்பிறர் யார், அவர் நூல் எது என்பதை உரையாசிரியர் கூறவில்லை. கூற வேண்டிய தேவை அவர் காலத்து மாணவருக்கு இருந்திராது. பின்னர்ச் சங்க நூல்களின் ஏடுகள் கைக்கு வந்தபோதுதான் அம்மேற்கோள்களுட் பல தம் இடத்தைக் காட்டின. இடம் விளங்காத மேற்கோள்களை ஐயர் மறைக்கவில்லை. தம் பதிப்புகளில் அவற்றைத் தனியே பட்டியலிட்டுப் பின்வருவோர் தேடுமாறு விட்டார்.

இதன் மறுபக்கம் மேலும் நோக்கத்தக்கது. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை ஆகியவை முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றுள் நம்மிடம் எஞ்சியிருப்பவை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியனவும் ‘புறத்திரட்டு’ போன்ற தொகைநூல்கள் காத்தனவுமே. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் 1959-ஆம் ஆண்டு நூல், இத்தகைய எச்சங்களைக் கொண்டே மறைந்த நூல்களின் வரலாற்றைத் தொகுத்தது. மூலம் அழிந்த பின்னும் மேற்கோள் வாழ்ந்தது. எடுத்தாண்டவர் மூலத்தின் சொற்களைத் தம் ஏட்டில் எழுதிவைத்ததனாலேயே அது நிகழ்ந்தது.

இந்த மரபிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். நல்ல மேற்கோள் மூலத்தின் பெயரையும் சொல்லையும் காக்கிறது. நச்சினார்க்கினியர் சொல்லைக் காத்துப் பெயரை விட்டார்; ஆகவே ஐயர் தேட நேர்ந்தது, தேடிக் காணவும் முடிந்தது. இன்றைய வெற்றுத் தொடுப்பு இரண்டையும் விட்டுவிடுகிறது. அது முறிந்தால் தேடுவதற்குரிய தடயமும் எஞ்சுவதில்லை.

3. வெற்றுத் தொடுப்பும் அதன் ஆயுளும்

வெற்றுத் தொடுப்பு என்பது, தலைப்போ ஆசிரியரோ இதழோ நாளோ இன்றி, இணைய முகவரியை மட்டும் இரு அடைப்புக்குறிகளுக்கிடையே இடுவது. திரையில் அது [1], [2] என்னும் எண்ணாகத் தோன்றும். எண் இருப்பதனால் படிப்பவருக்குச் சான்று இருப்பதாகவே படும்.

இணைய முகவரியின் நிலையாமை உலகளாவியது. ஹார்வர்டு சட்ட இதழ் உள்ளிட்ட சட்ட ஆய்விதழ்களில் தரப்பட்ட தொடுப்புகளுள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவையும், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்டவற்றுள் பாதியும், முதலில் சுட்டிய செய்திக்கு இட்டுச்செல்லவில்லை என்பதை 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கங்களுள் 54 விழுக்காட்டில் முறிந்த மேற்கோள் தொடுப்பு ஒன்றேனும் உள்ளது.

தமிழில் இந்நிலையாமைக்குக் கூடுதலான காரணங்கள் மூன்று உள.

முதலாவது, எழுத்துக் குறியேற்றம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்குரிய எழுத்துருக்களில் இயங்கின. தகுதரம், 1999-இல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தாம், தாப், ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்காயிருந்த பாமினி எனக் குறியேற்றங்கள் பல. அக்காலப் பக்கம் ஒன்றை இணைய ஆவணகம் சேமித்திருந்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளின் கூட்டமே. தொடுப்பு உயிரோடிருந்தும் சான்று படிக்க இயலாததாகிறது. 2009-இல் மூடப்பட்ட ஜியோசிட்டிஸ் போன்ற இலவச இடங்களில் அமைந்த பக்கங்களுக்கோ அந்த வாய்ப்பும் குறைவு.

இரண்டாவது, முகவரியின் நீளம். ஒருங்குறியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியீட்டெண்களால் ஆனது. அவை பதினைந்து எண்ணுண்மிகளாகி, இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு நாற்பத்தைந்து வரியுருக்களாக விரியும். ஒரு செய்தித் தலைப்பு முழுவதும் முகவரியில் இடம்பெற்றால் அது பல வரிகளை நிரப்பும். அச்சிட்டால் எவராலும் தட்டெழுத இயலாது. பகிர்கையில் நடுவே அறுபடும். இதற்கு அஞ்சிச் சுருக்கச் சேவைகளை நாடுவோர் வேறொரு இடருக்கு ஆளாகின்றனர். கூகுளின் சுருக்கச் சேவை 2019-இல் புதிய முகவரிகள் வழங்குவதை நிறுத்தியது. சுருக்கிய முகவரி, சான்றுக்கும் படிப்பவருக்கும் இடையே இன்னொரு நிறுவனத்தின் ஆயுளையும் நுழைக்கிறது.

மூன்றாவது, நிலையான அடையாள எண்ணின்மை. ஆங்கில ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்கு எண்ணிமப் பொருள் அடையாள எண் உண்டு. முகவரி மாறினும் எண் மாறாது. தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவற்றுக்குப் பன்னாட்டுத் தொடர் எண்ணும் இல்லை. இவ்விடத்தில் இரு தமிழ் முயற்சிகள் முன்மாதிரியானவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தம் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கின. ‘நூலகம்’ என்னும் பெயரையும் ஆவண எண்ணையும் குறித்துவைத்தவருக்குத் தள முகவரி மாறினும் வழி உண்டு. முகவரியை மட்டும் ஒட்டியவருக்கு அது இல்லை.

4. வார்ப்புருவுக்குள் அடங்காத பெயரும் நாளும்

வெற்றுத் தொடுப்பைத் தவிர்க்க மேற்கோள் வார்ப்புருக்கள் உள்ளன. ஆசிரியர், தலைப்பு, வெளியீட்டாளர், நாள், முகவரி எனக் கட்டங்களை நிரப்பினால் வார்ப்புரு ஒழுங்குபட அடுக்கித் தரும். பயன் பெரிது. ஆயினும் அக்கட்டங்கள் ஆங்கில நூல்முறையை அடியொற்றி அமைந்தவை. தமிழ்ச் சான்றுகள் அவற்றுள் இடறும் இடங்கள் இரண்டு.

ஒன்று பெயர். வார்ப்புரு முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது. தமிழ்ப் பெயரிலோ தலைப்பெழுத்து தந்தையைக் குறிப்பது. குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. கந்தையாவின் மகன் சிவகுமார் ஊரில் ‘க. சிவகுமார்’ என்று எழுதுவார். கனடாவில் குடியேறியபின் ஆவணங்களில் அவர் ‘சிவகுமார் கந்தையா’ ஆகிறார். வார்ப்புரு அவரைக் ‘கந்தையா, சி.’ என்று அடுக்குகிறது. மகன் எழுதிய நூல் தந்தையின் பெயரில் அகரவரிசை பெறுகிறது. அதே ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட முதல் நூலும் ரொறன்ரோவில் வெளியிட்ட இரண்டாம் நூலும் இருவேறு ஆசிரியர்களுடையவாகத் தோன்றுகின்றன. தமிழ்ப் பெயரை ஒரே கட்டத்தில், நூலின் முகப்பில் உள்ளவாறே இடுவதுதான் தகும்.

மற்றொன்று நாள். வார்ப்புரு கிரெகொரி நாளை, குறித்த ஒழுங்கில் மட்டுமே ஏற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணப் பதிப்புகளும் சென்னைப் பதிப்புகளும் பல அறுபதாண்டு வட்டத்துப் பெயர்களால் காலம் குறிப்பவை. அவ்வட்டத்துப் பெயர் ஒவ்வொன்றும் அறுபதாண்டுக்கொருமுறை திரும்பி வருவது. திருவள்ளுவர் ஆண்டைத் தரும் நூல்களில் 31 ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மாற்றிய ஆண்டை மட்டும் கட்டத்தில் இட்டு, மூலத்தில் உள்ளதை விட்டுவிடுவோர் பலர். அவ்வாறு விட்டால் மாற்றியவரின் பிழையைக் கண்டறிய வழியில்லை. மூலத்தில் உள்ள ஆண்டுப் பெயரும் மேற்கோளில் இடம்பெறுதல் வேண்டும்.

5. ‘பார்த்த நாள்’ என்னும் சாட்சியம்

வார்ப்புருவின் கட்டங்களுள் ஒன்று, மூலத்தை எழுதுபவர் ‘பார்த்த நாள்’. முகவரியில் உள்ள செய்தி மாறக்கூடும் ஆதலால், இந்நாளில் இதனைக் கண்டேன் என்று எழுதுபவர் அளிக்கும் உறுதி அது. கட்டுரை முழுவதிலும் எழுதுபவர் தம் கண்ணால் கண்டதற்குச் சாட்சி சொல்லும் இடம் இஃதொன்றே.

தமிழ்க் கட்டுரைகளுள் கணிசமானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. கூகுள் நிறுவனம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு சேர்த்த கட்டுரைகளின் தரம் குறித்துத் தமிழ் விக்கிப்பீடியர் அன்றே குறைகூறினர். அக்குறைகூறல் பெரிதும் மொழிநடை பற்றியது. மேற்கோள் நோக்கிலும் அது கூறப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பில் கட்டுரையின் உடல் தமிழாகிறது. மேற்கோள் பகுதி ஆங்கிலத்திலேயே, பார்த்த நாளும் உட்பட, அப்படியே வந்து சேர்கிறது. தமிழில் எழுதியவர் அம்மூலத்தைத் திறந்திரார். ஆயினும் பல்லாண்டுகளுக்கு முன் வேறொருவர் பார்த்த நாள், தமிழ்க் கட்டுரையின் சாட்சியமாக நிற்கிறது. எழுதுபவர் அறியாமலே சொல்லும் பொய்ச்சாட்சி அது.

தமிழ்ச் சூழலைப் பற்றிய செய்திக்கும் இவ்வாறு ஆங்கிலச் சான்றே வந்து அமர்கிறது என்பது அடுத்த இழப்பு. தமிழ் நூலொன்றில் முதன்முதல் கூறப்பட்டு, ஆங்கிலக் கட்டுரையொன்று எடுத்தாண்ட செய்தி, மொழிபெயர்ப்பின் வழித் தமிழுக்குத் திரும்புகையில் ஆங்கிலக் கட்டுரையையே மூலமாகக் காட்டுகிறது. தமிழ் நூலின் பெயர் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

6. யூனியன்வில்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை ஒரு சிற்றூர்க் கட்டுரையின் வழிச் சோதித்துப் பார்க்கலாம். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் தமிழர் செறிந்து வாழும் மார்க்கம் நகரின் பழம்பகுதி யூனியன்வில். இதனைப் பற்றித் தமிழில் நான்கு வாக்கியங்கள் எழுதுவதாகக் கொள்வோம்.

முதல் வாக்கியம், அது எங்கே உள்ளது என்பது. பேச்சு வழக்கில் ‘ரொறன்ரோவில்’ என்பர். ஆட்சி எல்லையின்படி ரொறன்ரோ மாநகரம் ஸ்ரீல்ஸ் அவெனியூவோடு முடிகிறது. யூனியன்வில் அதற்கு வடக்கே, யோர்க் வட்டாரத்து மார்க்கத்தில் உள்ளது. மார்க்கமும் 2012 யூலை முதல் நாளில்தான் மாநகரமாயிற்று. அதற்கு முற்பட்ட சான்று அதனை நகரம் என்றே கூறும். சான்றின் ஆண்டு தரப்படாவிடின், முரண் இல்லாத இடத்தில் முரண் தோன்றும்.

இரண்டாவது, 1794-இல் வில்லியம் பேர்ட்சி தலைமையில் செருமானியக் குடியேறிகள் மார்க்கம் பகுதிக்கு வந்தமை. இதற்கு அச்சு நூல்களும் ஆவணக் காப்பகங்களும் உள. மூன்றாவது, மக்கள்தொகை. 2021 கணக்கெடுப்பில் மார்க்கத்தின் மக்கள்தொகை 338,503. இவ்வெண் மாநகருக்குரியது, யூனியன்விலுக்குரியதன்று. கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கொருமுறை நிகழ்வதால் ஆண்டும் ஆட்சிப் பரப்பும் மேற்கோளிலேயே குறிக்கப்பட வேண்டும்.

நான்காவது வாக்கியம், அங்கே தமிழர் எப்போது வந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பது. தமிழ்க் கட்டுரை எழுதப்படுவதன் முதற் காரணமே இவ்வாக்கியம்தான். முதன் மூன்றையும் ஆங்கிலக் கட்டுரையே தந்துவிடும். ஆனால் நான்காவதற்குத் தொடுப்புக் கிடைப்பது அரிது. அதற்குரிய சான்றுகள் தமிழ்க் கடைகளின் வாயிலில் இலவசமாக அடுக்கிவைக்கப்பட்ட வாரப் பத்திரிகைகள், ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், கோயில் மலர்கள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள், நினைவு மலர்கள் ஆகியனவே. இவற்றுட் பெரும்பாலானவை இணையத்தில் இல்லை. சான்று என்றாலே தொடுப்பு என்று பழகியவர், தொடுப்பில்லாமையைச் சான்றில்லாமையாகக் கொள்வார். ஒன்று அவ்வாக்கியம் எழுதப்படாது. அல்லது ‘சான்று தேவை’ என்னும் குறியோடு நின்று பின்னர் நீக்கப்படும். இவ்வாறு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் யூனியன்விலில் தமிழரே இல்லாமற் போவர்.

விக்கிப்பீடியாவின் விதி இணையத் தொடுப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பது இங்கே வற்புறுத்தத்தக்கது. பெயர், ஆண்டு, இடம், பக்கம் தரப்பட்ட அச்சு மலர், நம்பத்தக்க வெளியீடாக இருப்பின், முழுமையான சான்றே. தடையாக இருப்பது நம் பழக்கமே.

ஊர்ப்பெயர் எழுதும் முறையும் இதனோடு தொடர்புடையது. ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என்றும், தமிழ்நாட்டவர் ‘டொராண்டோ’ என்றும் எழுதுவர். வெளியீட்டிடத்தை ஒருவர் தம் வழக்குக்கு ஏற்ப மாற்றினால், அட்டையில் உள்ளவாறு தேடுபவருக்கு நூல் அகப்படாது. கட்டுரையின் உடலில் ஒருமை வேண்டப்படலாம். மேற்கோளில் மூலத்தின் எழுத்தே நிற்க வேண்டும்.

7. மறுப்பும் பரிந்துரையும்

தன்னார்வலர் சிலரே உழைக்கும் ஒரு மொழியில் இவ்வளவு கடுமை வேண்டுமா, எழுத வருவோரை இது விரட்டாதா என்னும் மறுப்பு எழலாம். அது புறந்தள்ளத்தக்கதன்று. வார்ப்புருவின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பக் கோருவது மிகையே. ஆயின் ஐந்து செய்திகள் போதும்: யார், எதில், எங்கே, எப்போது, எப்பக்கம். இவற்றை வார்ப்புரு இன்றி ஒரே வாக்கியமாக எழுதினும் குறையில்லை. இவ்வைந்தும் இருப்பின் தொடுப்பு கூடுதல் வசதி ஆகும். முறிந்தாலும் மேற்கோள் நிற்கும். இணையப் பக்கமாயின், சான்றாகும் வாக்கியத்தையும் மேற்கோளில் ஒருங்குறியில் படியெடுத்து வைத்தல் நன்று. உரையாசிரியர் செய்த பணி அதுவே.

தானியங்கிகள் முறிந்த தொடுப்புகளுக்கு இணைய ஆவணகப் பிரதியைச் சேர்க்கின்றன. இது பயன்மிக்கது எனினும், சேமிக்கப்படாத பக்கத்தைத் தானியங்கி மீட்காது. எழுதும்போதே பக்கத்தைச் சேமிப்பகத்தில் பதிவிடுவது எழுதுபவரின் கடமை. மீட்க இயலாத தொடுப்பை நீக்கிவிடாமல், இடம் விளங்கா மேற்கோளை ஐயர் வைத்ததுபோல், குறியிட்டு வைப்பதே முறை.

நூலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவில் நூல் எண் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. வெளியீட்டுப் பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அளிப்பது சட்டக் கடமை. 2007 முதல் எண்ணிம வெளியீடுகளும் இதனுள் அடங்கும். சங்க மலர்களை வெளியிடுவோர் இதனைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மலரும் சுட்டத்தக்க சான்றாகும். தொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் போன்ற, தமிழியலுக்கு இடமளித்துள்ள நிறுவனங்கள் இம்மலர்களையும் பத்திரிகைகளையும் ஆவண எண்ணிட்டுப் பட்டியலிட முன்வரலாம். முழு எண்ணிமமாக்கம் காலம் எடுக்கும். பட்டியல் மட்டுமே இருப்பினும் மேற்கோளுக்குப் போதும்.

முடிவுரை

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, எரிந்தவற்றுட் பலவற்றைப் பிறர் தம் நூல்களில் பெயரும் பக்கமும் தந்து சுட்டியிருந்தனர். எதனை இழந்தோம் என்பதையேனும் அறிய அச்சுட்டுகள் உதவின. இணையத்தின் இழப்பு புகையெழுப்புவதில்லை. ஒரு தளத்தின் கட்டணம் ஓராண்டு கட்டப்படாமற் போனால் பத்தாண்டுச் செய்திகள் ஓரிரவில் மறையும். இழந்தது இன்னதென்று கூறவும் எவரும் இரார். இணையக் கலைக்களஞ்சியத்தின் மேற்கோள் பகுதி, ஒழுங்குற எழுதப்பட்டால், இவ்விழப்புக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலாகும்.

ஆகவே மேற்கோள் வடிவத்தைக் கட்டுரை முடிந்தபின் செய்யும் ஒப்பனையாகக் கருதுதல் கூடாது. தமிழியல் ஆய்வாளர் தம் மாணவருக்கு ஆய்வேட்டின் அடிக்குறிப்பைக் கற்பிக்கும் அதே கண்டிப்போடு கலைக்களஞ்சிய மேற்கோளையும் கற்பித்தல் வேண்டும். யூனியன்விலில் ஒரு வீட்டின் நிலக்கீழறையில், பெட்டிக்குள் கிடக்கும் ஒரு சங்க மலர், பெயரும் ஆண்டும் பக்கமும் பெற்று ஒரு கட்டுரையின் அடியில் இடம்பெறுமாயின், அதனைத் தேடி வருபவர் என்றேனும் ஒருவர் இருப்பார்.